மகாவலியின் மீன்களுக்கு ஒரு திரைப்பட இரவு

கண்டியிலோ அதைச் சூழ்ந்த ஊர்களிலோ வாழும் ஒருவரிடம் ஐந்து மீன்களின் பெயரைக் கேட்டால் தயங்காமல் சொல்லிவிடுவார். அறக்குளா, பாரை, சூடை, கும்பளா, சீலா. எல்லாமே கடல்மீன்கள். பனிக்கட்டியோடு லொறியில் மலையேறி வருபவை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓடுகின்ற மகாவலி கங்கையில் வாழும் ஐந்து மீன்களைச் சொல்லுங்கள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். "திலாப்பியா" என்பார். கொஞ்சம் யோசித்து விராலைச் சேர்த்துக்கொள்வார். அதற்கு மேல் போவது கடினம். முதலாவதாகச் சொன்ன திலாப்பியாவோ நம் நாட்டு மீனே அல்ல. ஆபிரிக்காவைப் பிறப்பிடமாகக் கொண்ட அது 1952ஆம் ஆண்டில்தான் இலங்கை நீர்நிலைகளில் விடப்பட்டது.

இலங்கையின் ஆறுகளிலும் ஓடைகளிலும் ஏறத்தாழ நூறு வகை உள்நாட்டு நன்னீர் மீனினங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இவ்வளவு சிறிய தீவுக்கு இது பெருஞ்செல்வம். ஆயினும் யானை, சிறுத்தை, மயில் ஆகியவற்றின் பாதுகாப்புப் பற்றி எழுதப்படும் பக்கங்களில் ஒரு மூலையைக்கூட இந்த மீன்கள் பெறுவதில்லை. காரணம் எளிது. அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. காடு வெட்டப்பட்டால் மொட்டை மலை தெரியும். யானை செத்தால் உடல் கிடக்கும். ஆற்றின் அடியில் ஒரு மீனினம் அற்றுப்போனால் மேலே தண்ணீர் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவேதான் ஆறுகளையும் மீன்களையும் பற்றிய திரைப்பட இரவுகளுக்கு ஒரு தனிப் பயன் உண்டு என்று கருதுகிறேன். நீருக்கு அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து ஊரார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும்படி செய்வது திரைப்படத்தால் மட்டுமே முடிகிற காரியம். கண்டியில் அப்படி ஓர் இரவு நடத்தப்பட வேண்டும். அது எப்படி நடத்தப்பட வேண்டும் என்பதையும் இப்போதே பேசிக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வெளிநாடுகளில் இது புதிய வழக்கம் அல்ல. உலக மீன் இடப்பெயர்வு நாள் என்ற ஒன்று 2014 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாடுகளில் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. பாடசாலைகளிலும் ஊர் மண்டபங்களிலும் ஆற்றங்கரைகளிலும் மக்கள் கூடிப் பேசுகிறார்கள், படம் பார்க்கிறார்கள். 2018இல் வெளியான 'புளூ ஹார்ட்' என்ற ஆவணப்படம் பால்கன் நாடுகளின் ஆறுகளில் கட்டப்படவிருந்த அணைகளுக்கு எதிரான மக்கள் போராட்டங்களைப் பற்றியது. அதன் முதற்காட்சி பொஸ்னியாவில் கைவிடப்பட்ட ஓர் அணைக்கட்டின் அருகிலேயே நடத்தப்பட்டது. அப்படத்தில் பேசப்பட்ட அல்பேனியாவின் வ்யோசா ஆறு 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. படத்தினால் மட்டும் அது நடக்கவில்லை. விஞ்ஞானிகள், கிராமத்தார், வழக்கறிஞர்கள் எனப் பலரது பல்லாண்டு உழைப்பு அதில் உண்டு. ஆனால் முன்பின் அறியாத ஓர் ஆற்றின் பெயரைத் தொலைவில் உள்ளவர்களும் உச்சரிக்கும்படி செய்ததில் படத்துக்குப் பங்கு உண்டு.

எனக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றுவது 2016இல் வெளியான 'தி மெமரி ஒஃப் ஃபிஷ்' என்ற படம். அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்ற ஆறு உண்டு. அதன் குறுக்கே 1913இலும் 1927இலும் இரண்டு அணைகள் எழுந்தன. கடலிலிருந்து ஏறிவந்து முட்டையிடும் சால்மன் மீன்களின் வழி அத்துடன் அடைபட்டது. அந்த ஆற்றோரம் வாழ்ந்த டிக் கோயின் என்ற ஆலைத் தொழிலாளியைப் பற்றிய படம் அது. அவர் பேராசிரியர் அல்லர், அதிகாரி அல்லர். எந்தக் காலத்தில் எந்த மடுவில் எவ்வளவு மீன் இருந்தது என்பதை நினைவில் வைத்திருந்தவர். அந்த நினைவைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தவர். 2011க்கும் 2014க்கும் இடையில் அந்த இரு அணைகளும் அகற்றப்பட்டன. கலிபோர்னியா, ஒரிகன் மாநிலங்களூடாக ஓடும் கிளமத் ஆற்றிலும் நான்கு அணைகள் 2023, 2024ஆம் ஆண்டுகளில் அகற்றப்பட்டன. 2024 ஒக்ரோபரிலேயே சால்மன்கள் பழைய இடங்களுக்கு ஏறி வந்தன.

இதைப் படிக்கும் சிலர், விக்டோரியாவை உடைக்கச் சொல்கிறாரோ என்று ஐயுறக்கூடும். இல்லை. 122 மீற்றர் உயரமான அந்த அணையின் மின்சாரத்திலும் அதன் கீழே பாயும் தண்ணீரால் விளையும் நெல்லிலும் நாம் எல்லோரும் வாழ்கிறோம். எல்வாவின் தீர்வு மகாவலியின் தீர்வாகாது. எல்வாவின் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, ஒரு சாதாரண மனிதரின் மீன் நினைவு சாட்சியமாக மதிக்கப்பட்டது என்ற செய்தியையே.

நிற்க. ஆற்றைப் பற்றிய படங்களை ஊர் ஊராகக் காட்டுவது நமக்கும் தெரியாத கலை அல்ல. 1934இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலகப் புகழ் பெற்ற ஆவணப்படம். அதற்குப் பணம் தந்தது தேயிலைப் பிரசார சபை. 1948இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் போன்றோர் பணியாற்றிய அப்பிரிவு வரண்ட வலயத்தைப் பற்றியும் மீனவர்களைப் பற்றியும் படமெடுத்தது. வெள்ளைத் துணியைக் கட்டி, இருட்டும்வரை காத்திருந்து, தரையில் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பின்னர் மகாவலி அபிவிருத்தியின் காலம் வந்தது. 1976இல் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியாவும் கொத்மலையும், 1986இல் ரந்தெனிகல, 1990இல் ரந்தம்பை. விக்டோரியாவின் திறப்பு விழாவுக்குப் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரே வந்தார். அக்காலத்துச் செய்திகளில் மெகாவாட்டுகளும் ஏக்கர்களும் நிறைந்திருந்தன. நீரில் மூழ்கிய பழைய தெல்தெனிய நகரைப் பற்றிக்கூடச் சில வரிகள் வந்தன. வரட்சிக் காலத்தில் நீர்மட்டம் இறங்கும்போது அந்நகரின் இடிபாடுகள் தலைகாட்டுவதும், மக்கள் சென்று பார்ப்பதும் இன்றும் செய்தியாகின்றன. அதே நீரின் கீழ் மூழ்கிய மீன்வாழிடங்கள் எந்த வரட்சியிலும் செய்தியானதில்லை.

அவ்வாறு மூழ்கிய இடங்களுக்கு உரிய மீன் ஒன்று உண்டு. விஞ்ஞானிகள் அதனை லேபியோ ஃபிஷெரி என்பர். சிங்களத்தில் கடேயா என்ற பெயர் வழங்குகிறது. 1917இல் ஜோர்டன், ஸ்டார்க்ஸ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். கரும்பச்சை நிற உடல், தடித்த உதடு, கீழ்நோக்கிய வாய். பெரும் பாறைகளுக்கிடையே வேகமாகவும் ஆழமாகவும் ஓடும் நீரில் வாழ்ந்து, பாறைகளில் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும். கண்டியைச் சுற்றியுள்ள மகாவலியின் மேற்பகுதிதான் அதன் வீடு. வேறு நாட்டில் இல்லை. நம் நாட்டிலும் எல்லா ஆறுகளிலும் இல்லை. ஓடும் நீர் தேங்கும் நீராக மாறியபோது இந்த மீனின் வீடு சுருங்கியது. இன்று அது அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

வடகிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் பக்கம் போனால் நிலைமை இன்னும் நுட்பமானது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி அது. அங்கிருந்து இறங்கும் ஓடைகளில் மாத்திரம் வாழும் மீன்கள் உள்ளன. 1985இல் ரணில் சேனாநாயக்க விவரித்த, இலங்கையின் பெயரையே விஞ்ஞானப் பெயரில் தாங்கிய கெண்டையினம் ஒன்று லக்கலைப் பக்கத்துக் களு கங்கையில் வாழ்கிறது. களுத்துறையில் கடலை அடையும் களு கங்கை வேறு, இது வேறு. 1991இல் கொட்டலாவும் றொஹான் பெத்தியாகொடவும் விவரித்த மார்ட்டென்ஸ்டைன் கெண்டையும் அதே வட்டாரத்தது. 2018இல் மொரகஹகந்தை, களு கங்கை நீர்த்தேக்கங்கள் நிரம்பின. வரண்ட வயல்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓர் ஓடையை மட்டும் நம்பி வாழும் மீனுக்கு மாற்றுக் காணி கொடுத்துக் குடியேற்ற முடியாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

இப்போது கண்டி நகருக்குள் வருவோம். நாயக்க வம்சத்துக் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கட்டிய கண்டி வாவியின் மேலதிக நீர் மெத எல என்ற கால்வாயாக நகரின் ஊடே ஓடுகிறது. நகரின் கழிவுகளையும் சேர்த்துக்கொண்டு கெட்டம்பேயில் அது மகாவலியில் கலக்கிறது. கெட்டம்பே எப்படிப்பட்ட இடம்? ஆண்டுதோறும் எசல பெரஹரவின் முடிவில் நீர்வெட்டுச் சடங்கு நடைபெறும் புனிதத் துறை. நான்கு தேவாலயங்களின் கப்புறாளைமார் அங்கே ஆற்று நீரை எடுத்து, அடுத்த ஆண்டுவரை குடங்களில் காத்துவைக்கிறார்கள். திரும்பும் ஊர்வலம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் தங்கிச் செல்வது மரபு. பௌத்தரும் இந்துக்களும் ஒன்றாகப் போற்றும் அந்த நீரில்தான் நாம் கால்வாயையும் திறந்துவிட்டிருக்கிறோம். அதற்குக் கீழே, கட்டுகஸ்தோட்டையில், கண்டி மாநகருக்கும் சுற்றுப்புறங்களுக்கும் குடிநீர் எடுக்கப்படுகிறது.

ஜப்பானியக் கடனுதவியுடன் கண்டி நகரக் கழிவுநீர்த் திட்டம் மேற்கொள்ளப்பட்டு, கன்னொருவையில் சுத்திகரிப்பு நிலையம் அமைக்கப்பட்டது நல்ல காரியம். ஆனால் குழாய்கள் செல்லும் வீதிகளுக்கு அப்பால் குன்றுகளில் அடுக்கடுக்காக வீடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஆற்று நீரைச் சோதிக்க ஆய்வுகூடம் உண்டு. மீன்களும் ஓர் ஆய்வுகூடந்தான். தெளிந்த ஓடும் நீர் கேட்கும் மீன் ஓரிடத்தை விட்டுப் போய், எந்தச் சேற்றிலும் பிழைக்கும் மீன் மாத்திரம் அங்கே மிஞ்சினால், குடிப்பவர்கள் கவலைப்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

அடுத்தது, நாமே கொண்டுவந்து விட்ட மீன்கள். திலாப்பியாவைப் பற்றிப் பேசும்போது நியாயம் தவறக்கூடாது. குளங்களிலும் நீர்த்தேக்கங்களிலும் அது ஏழைகளின் புரதமாக இருக்கிறது. பல ஆயிரம் குடும்பங்கள் அதைப் பிடித்துப் பிழைக்கின்றன. தேங்கிய நீரில் அதற்கு ஓரிடம் இருக்கட்டும். ஆனால் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போனதும் ஆற்றில் கொட்டிவிடப்படும் மீன்களுக்கு என்ன நியாயம்? 'டாங்க் கிளீனர்' என்று கடைகளில் விற்கும் தென்னமெரிக்க மீன் இன்று நம் நீர்நிலைகளில் பெருகிவிட்டது. தென்கிழக்காசியாவின் கத்தி மீனும் அப்படியே பரவியது. உயிரைக் கொல்லாமல் விடுதலை செய்தால் புண்ணியம் என்று நினைத்து விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த ஒரு மீனுக்குக் கிடைத்த விடுதலை, அங்கே ஏற்கெனவே வாழ்ந்த ஆயிரம் மீன்களுக்குக் கேடாக முடிவதை அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. பத்து நிமிடப் படம் ஒன்று போதும், காட்டிவிடலாம்.

இனி, தமிழில் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். மகாவலியின் ஊற்றுக்கண்கள் எங்கே இருக்கின்றன? அட்டன், அக்கரப்பத்தனை, தலவாக்கலைப் பகுதிகளின் தேயிலை மலைகளில். அங்கே பேசப்படும் மொழி தமிழ். 335 கிலோமீற்றர் ஓடி அது கடலை அடைவது எங்கே? திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில். அங்கேயும் பேசப்படும் மொழி பெரும்பாலும் தமிழ். நடுவே கண்டியில் மூன்று இனத்தவரும் அதன் நீரைக் குடிக்கிறார்கள். ஆனால் அந்த ஆற்றின் மீன்களைப் பற்றிய அறிவு ஆங்கில நூல்களிலும், ஓரளவு சிங்களத்திலும் இருக்கிறது. 1991இல் வெளிவந்த பெத்தியாகொடவின் நன்னீர் மீன்கள் பற்றிய பெருநூல் ஆங்கிலத்தில்தான். விரால், விலாங்கு, கெளிறு, கெண்டை என்று பொதுப்பெயர்கள் நம்மிடம் உண்டு. மலையோடைகளுக்கே உரிய இனங்களுக்கு அச்சில் ஏறிய தமிழ்ப் பெயர்களைத் தேடினால் கைக்கு அதிகம் அகப்படுவதில்லை.

அதனால் பெயர்களே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. தோட்டத்து ஓடையில் துணியை விரித்து மீன் பிடிக்காத சிறுவன் மலையகத்தில் உண்டா? கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கும் மீனுக்கும், மழைக்கு முன் மேலேறும் மீனுக்கும் லயத்துப் பிள்ளைகள் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். அந்தப் பெயர்கள் எழுதப்படவில்லை, அவ்வளவே. கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டிக்கு, தன் சின்ன வயதில் அந்த ஓடையில் எது இருந்தது, எப்போது அது காணாமற்போனது என்பது நினைவிருக்கும். டிக் கோயினின் நினைவு சாட்சியமென்றால் அந்தப் பாட்டியின் நினைவும் சாட்சியமே. மண்ணரிப்பையும் களைகொல்லியையும் பற்றிப் பேசும்போது தோட்டத் தொழிலாளரையே குற்றவாளியாக்கும் போக்கு ஒன்று உண்டு. மருந்தை வாங்குவது அவர்கள் அல்லர், தெளிக்கச் சொல்வதும் அவர்கள் அல்லர். மலசலகூட வசதி சரியில்லாத லயங்களைக் கட்டியதும் அவர்கள் அல்லர். 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டபோதும், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டபோதும் அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், சாட்சிகளாக மேடையில் ஏற்றுகிற திரைப்பட இரவே வேண்டும்.

இது ஏன் இப்போது அவசரமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிகக் கூடுதலான இழப்பைச் சந்தித்த மாவட்டங்களில் கண்டியும் ஒன்று. மலைகள் சரிந்தன, கம்பளை, பேராதனைப் பக்கங்களில் மகாவலி பெருக்கெடுத்தது. உறவுகளை இழந்தவர்களிடம் போய் மீனைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று கேட்கலாம். பொருந்தும் என்றே நினைக்கிறேன். இனி வரும் ஆண்டுகளில் கரைகள் கட்டப்படும், ஓடைகள் அகலமாக்கப்படும், மணலும் கல்லும் அள்ளப்படும். கரையோரத்து மருத மரங்களையும் மூங்கில்களையும் விட்டுவைப்பதா, எல்லாவற்றையும் வழித்துக் கொங்கிறீற் சுவராக்குவதா என்பது அந்த வேலைகளின் நடுவே தீர்மானிக்கப்பட்டுவிடும். அந்த வேர்கள் கரையைப் பிடித்து வைக்கின்றன. அந்த நிழலில் மீன் வாழ்கிறது. மேட்டில் மரமும் பள்ளத்தில் வெள்ளம் பரவ இடமும் இருந்தால் மனிதருக்கும் பாதுகாப்பு, மீனுக்கும் பாதுகாப்பு. இரண்டையும் ஒரே திரையில் காட்ட முடியும்.

ஆகவே கண்டியில் நடக்க வேண்டிய இரவு எப்படி இருக்க வேண்டும்? முதலாவது, சால்மனை மாத்திரம் காட்டி அனுப்பிவிடக்கூடாது. அது அழகான மீன். அதன் கதை உருக்கமானது. ஆனால் அது வேறொருவர் வீட்டுத் துக்கம். நம் ஓடைகள் சில இன்னும் கண்ணாடிபோல் இருக்கின்றன. நீர்புகாத உறையிட்ட கைத்தொலைபேசியால் பாடசாலை மாணவர்களே நம் மீன்களைப் படம்பிடிக்க முடியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அவற்றை அடையாளங்காண உதவ முடியும். இரண்டாவது, படம் தமிழிலும் சிங்களத்திலும் பேச வேண்டும். ஒரு மொழியில் பேசி மறுமொழியில் வரி ஓடவிட்டால் போதாது. எழுத வாசிக்க அறியாத முதியவர்களுக்கும் அது காதால் விளங்க வேண்டும். மூன்றாவது, கண்டி நகர மண்டபத்தோடு நின்றுவிடாமல் அதே படம் தலவாக்கலைக்கும் கம்பளைக்கும் மூதூருக்கும் போக வேண்டும். நான்காவது, மாநகர சபையினரும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையினரும் மகாவலி அதிகாரசபையினரும் முன்வரிசை விருந்தினராக மாலை வாங்கிக்கொண்டு போய்விடாமல், படம் முடிந்தபின் இருந்து பதில் சொல்ல வேண்டும். மெத எலவைப் பற்றி, மணல் அகழ்வைப் பற்றி, அணைக்குக் கீழே ஆறு உயிரோடிருக்க விடப்படும் நீரின் அளவைப் பற்றி.

உலகெங்கும் கண்காணிக்கப்படும் இடம்பெயரும் நன்னீர் மீன்களின் தொகை 1970க்கும் 2020க்கும் இடையில் சராசரியாக 81 சதவீதம் வீழ்ந்துள்ளதாக 2024இல் வெளியான சர்வதேச மதிப்பீடு ஒன்று கூறுகிறது. அத்தகைய பயணி ஒன்று நமக்கும் தெரிந்தது. விலாங்கு கடலில் பிறக்கிறது, ஆற்றில் ஏறி வளர்கிறது, இனம்பெருக்க மீண்டும் கடலுக்குப் போகிறது. மூதூர்ப் பக்கத்தில் ஆற்றுக்குள் நுழையும் ஒரு விலாங்குக் குஞ்சு கண்டியை நோக்கிப் புறப்பட்டால் அதன் வழியில் ரந்தம்பையும் ரந்தெனிகலவும் விக்டோரியாவும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. கிழக்கில் வாழும் பிள்ளைக்கும் மலையகத்துப் பிள்ளைக்கும் தாங்கள் ஒரே ஆற்றின் இரு முனைகளில் வாழ்கிறோம் என்பதை விளங்கவைக்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காரியத்துக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு திரை, ஓர் ஒளிபடக்கருவி, ஓர் ஒலிபெருக்கி, ஒரு மைதானம். கொழும்பிலும் ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் மலையகத்தவர்களும் கண்டித் தமிழர்களும் கோவில் திருப்பணிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்கைக் கொடுத்தாலே போதும். அதற்கும் முன்னால், பணமே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஓடையில் நீங்கள் சிறுவயதில் கண்ட மீன்களின் பெயர்களை, நீங்கள் அழைத்தபடியே எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த ஓடை, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால் இன்றே கேளுங்கள். படம் எடுக்கப்படும் நாளில் அதற்குக் குரல் கொடுப்பவர் அந்தப் பெயர்களைச் சொல்லட்டும்.